நாய்க்கடி ஊசி: ஓ.பி. வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

நாய் கடித்து ஊசி போட வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை ஊசி, எங்கே போடுவீர்கள், வலிக்குமா என்பதுதான். காயத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் வெறிநாய்க்கடி நோயில், அதாவது ரேபிஸில், முதல் நாள் காயத்துக்கு என்ன செய்தோம் என்பது ஊசிக்குச் சமமாக முக்கியம். அதனால் இந்தத் தொகுப்பில் காயத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கேள்விகளை மக்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டுவிட்டோம்.

நாய் கடிச்ச உடனே முதல்ல என்ன பண்ணணும்? நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணுமா?

முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லையென்றால் குடத்திலிருந்து ஒருவர் ஊற்ற, இன்னொருவர் கழுவலாம். எந்த சோப்பானாலும் சரி, துணி சோப்பும் ஆகும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல சோப்பு அதைக் கரைத்துவிடும். காயத்தில் உள்ள எச்சிலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்.

15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரம் பார்க்காமல் கழுவுகிறவர்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பல் ஆழமாக இறங்கிய ஓட்டை என்றால் காயத்தின் வாயைச் சற்று விரித்துப் பிடித்து உள்ளேயும் தண்ணீர் போக விடுங்கள். பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டாம். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவிக்கொண்டு, கட்டுப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். கழுவாமலே பல மணி நேரம் கழித்து வந்தாலும் இங்கே கழுவிவிட்டுத்தான் ஊசி போடுவோம். ரத்தம் பீறிட்டு அடிக்கிறது, முகம் கிழிந்திருக்கிறது என்றால் மட்டும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் வெச்சா விஷம் இறங்கும்னு சொல்றாங்களே?

இறங்காது. நாய்க்கடியில் உள்ளே போவது பாம்புக்கடியில் போவதுபோன்ற விஷம் அல்ல, வைரஸ். அது நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மண்ணெண்ணெய், கள்ளிப்பால் எல்லாம் காயத்தைப் புண்ணாக்கி, உள்ளே இருக்கும் நரம்பு நுனிகளை இன்னும் வெளியே காட்டும். பொடி அப்பிய காயத்தைச் சுத்தம் செய்யவே எங்களுக்கு ஒரு பாடு.

கயிறு கட்டுவது, சூடு போடுவது, மந்திரிப்பது எதுவும் பயன் தராது. மந்திரித்துத்தான் ஆகவேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், முதல் ஊசி போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ரத்தமே வரல. லேசா நகம்தான் பட்டுச்சு. இதுக்கும் ஊசியா?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம். நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமே இல்லாத தோலை அது நக்கியது முதல் வகை. இதற்குக் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். மேல்தோல் லேசாகச் சிராய்த்து ரத்தம் வராதது, வெறுந்தோலைப் பல்லால் கவ்வியது இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி உண்டு. தோலைத் துளைத்த கடியும் ரத்தம் வந்த பிறாண்டலும் மூன்றாம் வகை. ஏற்கெனவே உள்ள புண்ணை நாய் நக்குவதும், எச்சில் கண்ணிலோ வாயிலோ படுவதும் இதில்தான் சேரும். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு காயத்திலேயே சீரமும், அதாவது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பு சக்தி மருந்தும், போட வேண்டும்.

நகத்தில் வைரஸ் பிறப்பதில்லை. ஆனால் நாய் தன் காலை நக்கிக்கொண்டே இருப்பதால் நகத்தில் எச்சில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் காயத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பார்ப்பார்கள். எரிந்தால் தோல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள்.

தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவீங்களா?

இல்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. அதன் வீரியம் குறைவு. அதனால்தான் தினமும் வயிற்றில் போட வேண்டியிருந்தது. சிலருக்கு அதனாலேயே நரம்புப் பாதிப்பும் வந்தது. இந்தியாவில் 2004-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தயாராவது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஒரு காலத்தில் அந்தப் பழைய மருந்தைத் தயாரித்துவந்த இடம்தான்; பிறகு அதுவும் செல் தடுப்பூசிக்கு மாறியது.

இந்தப் பயத்திலேயே கடியை மறைக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். "சேட்டை பண்ணினா தொப்புள்ல ஊசி போடுவாங்க" என்று வீட்டில் மிரட்டுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

அப்ப எத்தனை ஊசி? எந்தெந்த நாள் வரணும்?

அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தோலுக்குள் போடும் முறை. 0, 3, 7, 28 என்று நான்கு நாள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் கைக்கொரு ஊசி, 0.1 மி.லி. வீதம். இது இலவசம்.

நாளை எண்ணுவதில்தான் குழப்பமே. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. கடிபட்ட நாளை எண்ணக்கூடாது. திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசி ஊசி நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். 0, 7, 28 மூன்றும் ஒரே கிழமையில் விழும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தேதியில் சொன்னால், 5-ஆம் தேதி ஆரம்பித்தவர் 8, 12 தேதிகளில் வந்துவிட்டு, அந்த மாதம் 30 நாளாக இருந்தால் அடுத்த மாதம் 3-ஆம் தேதியும், 31 நாளாக இருந்தால் 2-ஆம் தேதியும் வர வேண்டும். "மூணாவது ஊசியிலிருந்து 28 நாள்" என்று எண்ணி ஒரு வாரம் தள்ளி வருகிறவர்கள்தான் அதிகம்.

தனியார்ல ஒரு பாட்டில் முழுசா போடறாங்க. இங்க துளியூண்டுதானே போடறீங்க, இது பத்துமா?

பத்தும். தனியாரில் போடுவது தசை ஊசி: முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 என ஐந்து நாள். தோலுக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் அடர்த்தியாக இருப்பதால் அங்கே கொஞ்சம் மருந்தே தசையில் போட்ட முழுக் குப்பியின் வேலையைச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டு முறையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் தோல் ஊசி சரியாக இறங்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகச் சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு ஊசி போட வேண்டும். நீங்களே பார்த்துக் கேட்கலாம், தவறில்லை. கொப்புளத்தைத் தேய்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சிவந்து அரிக்கும், தானாக அடங்கும். எந்த முறையானாலும் இடுப்புக்குக் கீழே பின்புறம் போடக்கூடாது. அங்கே கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசை, கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம்.

குப்பியைக் கரைத்த பிறகு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 0.5 மி.லி. குப்பி இரண்டு பேருக்குத்தான் வரும். சில இடங்களில் ஆள் சேரட்டும் என்று உட்காரச் சொல்வது இதனால்தான்.

கையில போட்டது போதாதா? கடிச்ச காயத்துக்குள்ளயே குத்தறாங்களே, உயிர் போகுது!

வலிக்கும், பொய் சொல்ல மாட்டோம். ஆனால் மூன்றாம் வகைக் காயத்தில் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தயாரிக்க ஆரம்பிக்கும். போதுமான அளவு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை வைரஸ் சும்மா இருக்காது. சீரம் என்பது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பு சக்தி. காயத்தில் உள்ள வைரஸை, அது நரம்பில் ஏறும் முன்பே, அங்கேயே கட்டிப்போடும். அதனால்தான் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போட வேண்டியிருக்கிறது. கையிலோ தொடையிலோ மட்டும் போட்டால் காயத்துக்கு அது போய்ச் சேரும் அளவு மிகக் குறைவு.

அளவு எடைக்குத் தக்கபடி. குதிரையிலிருந்து எடுக்கும் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரம் கிலோவுக்கு 20 யூனிட். 60 கிலோ ஆளுக்குக் குதிரை சீரம் 2,400 யூனிட், மி.லி.க்கு 300 யூனிட் உள்ள குப்பியில் அது 8 மி.லி. இதுதான் உச்ச அளவு, சின்னக் காயத்துக்கு அவ்வளவும் தேவைப்படாது. 10 கிலோ குழந்தைக்கு வருவது 400 யூனிட், ஒன்றேகால் மி.லி.க்குச் சற்று மேல். அந்தக் குழந்தைக்கு முகத்திலும் கையிலுமாக ஏழெட்டுக் காயம் இருந்தால் எல்லாவற்றுக்கும் எட்டாது. அப்போது மருந்தைக் கூட்டக்கூடாது. சலைன் கலந்து இரண்டு மூன்று மடங்காக்கி எல்லாக் காயத்துக்கும் பகிர வேண்டும். ஒரு காயத்தை விட்டாலும் அந்த வழியாக நோய் வரலாம். விரல் நுனியில் இடம் குறைவு. விரல் வெளுக்காத அளவுக்கு மெதுவாக, கொஞ்சமாகத்தான் போடுவார்கள்.

சீரம் ஒரே முறைதான். முதல் நாளே போடுவது நல்லது. அன்று கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம்; அதற்குப் பிறகு தேவையில்லை, உடம்பே தயாரித்துவிடும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீரம் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், "ஊசிதான் போட்டாச்சே" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

குதிரை சீரம் ஒத்துக்காம போச்சுன்னா?

இப்போது வருவது நன்றாகச் சுத்திகரித்தது. கடுமையான ஒவ்வாமை அரிது. முன்பெல்லாம் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பார்கள். யாருக்குப் பெரிய ஒவ்வாமை வரும் என்பதை அந்தச் சோதனை சொல்வதில்லை என்பதால், அது தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். வெறும் வயிற்றில் வராதீர்கள், போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் திரும்ப வாருங்கள்.

இவ்வளவு பெரிய காயம், தையல் போட மாட்டேங்கறாங்களே?

ஊசிநூல் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வைரஸை ஆழத்துக்குக் கொண்டுபோகும். அதனால் கூடியவரை திறந்தே விடுவோம். முகம் கிழிந்து தொங்குவதுபோன்ற காயமாக இருந்தால், முதலில் சீரம் போட்டு, சில மணி நேரம் விட்டு, தளர்வாக ஒன்றிரண்டு தையல். டெட்டனஸ் ஊசியும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் மாத்திரையும் தனி. அவை ரேபிஸுக்கு அல்ல.

எங்க வீட்டு நாய்தான். அதுக்கு வருஷா வருஷம் ஊசி போடறோம். எனக்கு எதுக்கு?

நாய்க்குப் போட்ட ஊசி எவ்வளவு வேலை செய்தது என்று வெளியிலிருந்து தெரியாது. ஊசி குளிர்ச்சி குறையாமல் வந்ததா, தேதி தவறாமல் போட்டதா, எதற்கும் உறுதி இல்லை. அதனால் நீங்கள் ஆரம்பித்துவிடுவதே சரி. நாயின் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், டாக்டர் முடிவெடுக்க உதவும்.

குட்டி நாய்தானே, அதுக்கெல்லாம் வெறி பிடிக்குமா?

பிடிக்கும். நாய்க்குட்டிக்குப் பொதுவாக மூன்று மாதத்தில்தான் முதல் ஊசி போடுகிறார்கள். அதுவரை அது பாதுகாப்பில்லாதது. தெருவில் கண்டெடுத்த குட்டியைப் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கி வைத்திருந்துவிட்டு, அது செத்த பிறகு தெருவே வரிசையில் வந்து நிற்பது ஊருக்கு ஊர் நடப்பது. வெயில் காலத்தில்தான் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பதும் சரியில்லை, எந்த மாதமும் வரலாம்.

கடிச்ச நாயைப் பத்து நாள் பாத்துட்டு, செத்தா மட்டும் ஊசி போட்டுக்கலாமா?

கூடாது. பத்து நாள் கணக்கு உண்மைதான், ஆனால் அதை மக்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எச்சிலில் வைரஸ் இருக்கும் நிலையில் உள்ள நாயோ பூனையோ பத்து நாளுக்குள் நோயைக் காட்டிவிடும் அல்லது செத்துவிடும். இது ஊசியை ஆரம்பித்த பிறகு, தொடர்வதா குறைப்பதா என்று டாக்டர் யோசிப்பதற்கான கணக்கு. காத்திருப்பதற்கான கணக்கு அல்ல.

பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால், தசை ஊசி போடுகிறவர்களுக்கு 14-ஆம் நாள் ஊசியை விட்டுவிட்டு 28-ஆம் நாள் போடலாம். தோல் ஊசியில் ஆரம்பித்தவர்கள் நாய் எப்படி இருந்தாலும் நான்கு நாளையும் முடிக்க வேண்டும் என்பதே தேசிய வழிகாட்டுதல். நாய் ஓடிப்போனாலும், யாராவது அடித்துக் கொன்றாலும் முழுக் கோர்ஸ்தான். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்குக்கும் மாட்டுக்கும் பொருந்தாது.

பத்தியம் இருக்கணுமா? கோழி, மீன், கத்திரிக்காய்?

எதுவும் இல்லை. வழக்கம்போல் சாப்பிடுங்கள், குளியுங்கள், வேலைக்குப் போங்கள்.

குடித்திருந்தால் ஊசி போடக்கூடாது என்று நினைத்து அன்று வராமல் இருப்பவர்கள் உண்டு. குடித்திருந்தாலும் வாருங்கள், தேதியைத் தவற விடுவதுதான் ஆபத்து.

மாசமா இருக்காங்க. போடலாமா?

போட வேண்டும். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பிறந்த குழந்தை, 80 வயதுப் பெரியவர், சர்க்கரை நோயாளி எல்லாருக்கும் தடுப்பூசியும் சீரமும் பாதுகாப்பானவை. தடுப்பூசி அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. சீரம் மட்டுமே எடைக்குத் தக்கபடி. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் வகைக் காயத்துக்கும் அவர்களுக்குச் சீரம் போடுவது வழக்கம்.

பூனை பிறாண்டிடுச்சு, எலி கடிச்சுடுச்சு, கோயில்ல குரங்கு கடிச்சுது. எதுக்கெல்லாம் ஊசி?

பூனைக்கும் குரங்குக்கும் நாய்க்குச் சொன்னது அப்படியே. நரி, கீரிக்கும் அதேதான். வீட்டு எலி, அணில், முயல் கடித்தால் பெரும்பாலும் ரேபிஸ் ஊசி தேவைப்படாது; கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசிக்கு வாருங்கள். பாம்பு, பல்லி, பறவைகளுக்கு ரேபிஸ் வராது.

மாட்டை வெறிநாய் கடிச்சு மாடு செத்துப்போச்சு. அதோட பாலைத் தெருவே குடிச்சோமே!

காய்ச்சிய பால் குடித்தவர்களுக்கு ஊசி வேண்டாம். காய்ச்சும் சூட்டில் வைரஸ் நிற்காது. பச்சைப்பால் குடித்து நோய் வந்ததாகவும் ஆய்வகத்தில் உறுதியான ஆதாரம் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு ஆட்களை. மாடு நுரை தள்ளி, முழுங்க முடியாமல் நிற்கும்போது, தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடுவார்கள். அந்தக் கையில் சிறு வெட்டோ சிராய்ப்போ இருந்தால், முன்பு சொன்ன மூன்றாம் வகை. தடுப்பூசி, சீரம் இரண்டும் வேண்டும்.

நடுவுல ஒரு ஊசி விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேர்ந்தா?

வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 7-ஆம் நாள் வர வேண்டியவர் 10-ஆம் நாள் வந்தால் அன்று அதைப் போட்டு, அடுத்ததற்கு அதே மூன்று வார இடைவெளி விடுவோம். வெளியூர் போனால் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். வேறு கம்பெனி மருந்தானாலும், தோல் ஊசி தசை ஊசியாக மாறினாலும், வேறு வழி இல்லாதபோது பரவாயில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாவிட்டால் 104-இல் கேளுங்கள்.

போன வருஷம்தான் முழுசா போட்டேன். மறுபடியும் கடிச்சுடுச்சு!

அட்டை இருந்தால் உங்களுக்கு இரண்டே நாள்: 0, 3. தோல் ஊசியில் ஒரு கையில் மட்டும் 0.1 மி.லி. சீரம் தேவையே இல்லை, காயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். உடம்பு பழசை நினைவில் வைத்திருந்து சில நாளிலேயே எதிர்ப்பு சக்தியைப் பெருக்கிவிடும். ஆனால் கழுவுவது அதே 15 நிமிடம். போன முறை இரண்டு ஊசியோடு நிறுத்தியவரும், போட்டதற்குச் சான்று இல்லாதவரும் புதிதாகக் கடிபட்டவர் கணக்கில்தான் வருவார்கள். அட்டையை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால்தான் கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிக்கும் பணியாளர்கள் போன்றவர்கள் கடிபடும் முன்பே 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று முறை போட்டு வைக்கிறார்கள்.

பையன் இப்பதான் சொல்றான், நாய் கடிச்சு மூணு மாசம் ஆச்சாம். இனிமே போட்டு என்ன பிரயோஜனம்?

இன்றைக்கே கூட்டிவாருங்கள். கடித்து நோய் தெரிவதற்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வந்ததுண்டு, ஒரு வருடம் தாண்டியும் வந்ததுண்டு. முகம், தலை, கை விரலில் கடித்தால் சீக்கிரம் வரும். அறிகுறி தொடங்காதவரை வாய்ப்பு இருக்கிறது. அதனால் மூன்று மாதம் ஆனாலும் நேற்றுக் கடித்ததுபோலவே பார்ப்போம்: இன்று 0 நாள், மூன்றாம் வகைக் காயமாக இருந்திருந்தால் ஆறிய தழும்பைச் சுற்றிச் சீரமும் உண்டு. பையனைத் திட்டாமல், நாய் எந்த இடத்தில் கடித்தது, எத்தனை இடத்தில் பல் பட்டது, கூட இருந்த பிள்ளைகள் யாரையாவது கடித்ததா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கடித்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது, தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இறுகுவது, மின்விசிறிக் காற்றுப் பட்டாலே நடுங்குவது, கால் செயலிழப்பது இதெல்லாம் தொடங்கிவிட்டால் ஊசியோ சீரமோ பயன்படாது. பிழைத்தவர்கள் மிக மிக அரிது. ஆகவே அந்தப் பையனோடு கடிபட்ட மற்றப் பிள்ளைகளையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.